விதி இல்லை மச்சான், சரிவு

என் பிடிவாதக்கார மச்சான் தவத்துக்கு,

வருகிற வியாழக்கிழமை உன்னுடைய ஆண்டுத் திவசம். உன் மனைவி ராணி மண்டபம் எடுத்துவிட்டாள், ஐயருக்கும் சொல்லியாயிற்று. நினைவு மலரில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். ஓம் என்று சொல்லிப்போட்டு மூன்று கிழமையாக இழுத்தடித்தேன். எப்படி எழுதுவது என்று பார்க்க, மற்றவர்கள் எழுதியதை வாங்கி வாசித்தேன். அதோடு எனக்கு விசர் பிடித்துவிட்டது.

ஒருவர், விதி உன்னைக் கைபிடித்து அழைத்துப் போனதாக எழுதியிருக்கிறார். இன்னொருவர், கண்ணிமைக்கும் நேரத்தில் காலன் கவர்ந்துவிட்டான் என்கிறார். மூன்றாமவர் உன் சாதகம் பார்த்தவராம், அட்டமத்துச் சனி என்று ஒரு பந்தி. காலன் என்ன, உன் ட்ராக்டரில் பக்கத்தில் ஏறி இருந்தவனோ? சனி வந்தோ அந்தத் தண்ணீர்த் தாங்கியை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கினது?

அதனால் அந்த ஒரு பக்கத்தை நான் எழுதவில்லை. உனக்கே எழுதுகிறேன். மலரில் போடுவார்கள், மற்றவர்களும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். ராணியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ அண்ணை. ஆனால் ஒண்டையும் மறைக்காமல் எழுதுங்கோ" என்றாள். உனக்குத் தெரிந்த கதையையும் இடையிடையே சொல்லுவேன். எங்களைத் தெரியாத பிள்ளைகளும் வாசிப்பார்கள், பொறுத்துக்கொள். பொறுமை உனக்கு வராதுதான்.

நான் நடேசன், உன் தங்கச்சி வசந்தியைக் கட்டியவன். அதற்கு முதலே, ஜெர்மனிக்கு அகதியாக வந்து இறங்கின காலத்தில், முகாமில் ஒரே அறை, இரண்டடுக்குக் கட்டிலில் நீ மேலே, நான் கீழே. அந்த மேல் கட்டிலில் இருந்துதான் உன் பிடிவாதத்தை நான் முதலில் அறிந்தேன். சன்னலைத் திறந்துதான் படுப்பேன் என்பாய். மார்கழிப் பனியிலும் திறந்துதான் படுத்தாய். காய்ச்சல் எனக்கு வந்தது.

சாரதிப் பரீட்சையில் நீ மூன்று தரம் விழுந்த கதையைச் சனம் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. ஓடத் தெரியாமல் விழவில்லை. முதல் தரம், வலப்பக்கத்தால் வந்த காருக்கு நீ வழி விட்டிருக்க வேண்டும் என்று பரீட்சகர் சொல்ல, அவருக்கே வீதி ஒழுங்கை விளங்கப்படுத்தத் தொடங்கினாய். இரண்டாம் தரம் அதே பரீட்சகர், அதே சந்தி, அதே வாக்குவாதம். மூன்றாம் தரம் ஆள் மாறினார், நீ மாறவில்லை. நாலாம் தரத்துக்கு முதல், காருக்குள் வாயே திறக்கக் கூடாது என்று வசந்தி உன்னிடம் சத்தியம் வாங்கினாள். அன்றைக்குப் பாஸ்.

எனக்கு அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால், அன்றைக்கே உன்னை யாராவது வடிவாக உலுப்பியிருக்க வேண்டும் என்று படுகிறது.

தொழிற்சாலை வேலை உன் முதுகை முறித்துவிட, நேரத்தோடு ஓய்வெடுத்தாய். வீட்டுக்குள் இருக்க உன்னால் ஏலாது. எசனில் இருந்து ஒரு மணித்தியால ஓட்டம், சவுர்லாண்ட் மலைப்பக்கத்தில், ஹெர்மன் என்கிற வயதான பண்ணைக்காரரிடம் ஒரு துண்டுக் காணியைக் குத்தகைக்கு எடுத்தாய். மேலே சமதரையில் நீளமான பொலித்தீன் கூடாரம் போட்டு வெண்டி, கத்தரி, பயற்றை, முளைக்கீரை எல்லாம் வைத்தாய். சும்மா சொல்லக் கூடாது, சனிக்கிழமைகளில் உன் முளைக்கீரைக்காகத் தமிழ்க் கடைகளில் சனம் காத்து நின்றது. ஆனால் பூசணிக்குக் கூடாரத்துக்குள் இடமில்லை என்று, சரிவுக்கு அங்காலை இருந்த மூலையில் ஒரு பாத்தி வெட்டினாய். அங்கேதான் தொடங்கியது எல்லாம்.

காணியோடு ஹெர்மனின் பழைய ட்ராக்டர் ஒன்றும் உன் கைக்கு வந்தது. மூடின கூண்டு இல்லாத சின்ன ட்ராக்டர். இருக்கைக்குப் பின்னால், 'ப' எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு தடித்த இரும்பு வளைவு. இங்கத்தையவர்கள் அதைப் பியூகல் என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். ட்ராக்டர் கவிழ்ந்தால் அந்த வளைவு நிலத்தில் ஊன்றும். ட்ராக்டர் முழுதாகப் புரளாமல் அது தாங்கிக்கொள்ளும், பெல்ட் கட்டியிருந்தால் ஓடுகிறவன் அந்த வளைவின் காவலுக்குள் இருப்பான். அவ்வளவுதான் அதன் வேலை. வாழ்நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் நிற்கும், ஒரே ஒரு நாளைக்குத் தேவைப்படும்.

அதை நீ மடக்கி வைத்திருந்தாய். கூடாரத்தின் வாசல் பதிவு, உயரமே இல்லை, நிமிர்ந்த பியூகலோடு உள்ளே போக ஏலாது. மடக்கி உள்ளே போவாய், வெளியே வந்தும் அப்படியே ஓடுவாய். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் இறங்கி ஏறி இதை நிமிர்த்திக்கொண்டிருக்க நான் என்ன விசரனோ என்று கேட்டாய்.

நான் என்ன வேலை செய்கிறவன் என்று உனக்குத் தெரியும். சாமான் களஞ்சியத்தில் ஸ்டாப்லர் ஓடப் பழக்குகிறவன். முள்ளுக்கரண்டி மாதிரி முன்னால் இரண்டு இரும்புக் கை நீட்டிக்கொண்டு பாரம் தூக்குமே, அந்த வண்டி. அது எப்படிக் கவிழும் என்று வருசக்கணக்காகச் சனத்துக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் நான் சாப்பிடுகிறேன். அதனால் உன் ட்ராக்டரைக் கண்ட முதல் நாளே சொன்னேன். ட்ராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே இடத்தில் பொருத்தி, இரண்டு பக்கமும் ஆடும். பார்க்க நாலு சில்லில் நிற்கிற மாதிரி இருக்கும், உண்மையில் அது மூன்று காலில் நிற்கிறது. பின் சில்லு இரண்டு, முன்னால் அந்த நடு இடம் ஒன்று. பாரம் அந்த முக்கோணத்துக்கு வெளியே போனால் முடிந்தது. பாரத்தை உயர்த்த உயர்த்த, வெளியே போகிற தூரம் குறையும். சரிவில் குறுக்கால் ஓடினால் அதுவே பாதி தூரம் போய்விட்டது என்று அர்த்தம்.

நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாய். "நாலு சில்லு இருக்கடா. எண்ணத் தெரியாதே உனக்கு?"

ராணி சிரித்தாள். ஹெர்மனும் ஏதோ விளங்கினவர் போலச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நினைக்கத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருச வசந்தத்தில் பியூகலைப் பூட்டுகிற ஆணி ஒன்று புல்லுக்குள் விழுந்து காணாமல் போனது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஆணி, துளையில் செருகினால்தான் வளைவு நிமிர்ந்து நிற்கும். ஒன்றைத் தொலைத்துவிட்டு மற்றதும் வளைந்துபோயிற்று என்றாய். அதோடு பியூகல் முழு நேரமும் மடங்கியே கிடந்தது. நான் அளவெடுத்து, கடையில் சொல்லி, இரண்டு புது ஆணி எடுப்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வந்து நானே பூட்டித் தருகிறேன் என்று சொன்னேன். நீயும் ஓம் என்றாய்.

முதல் நாள் சனிக்கிழமை வசந்தியின் பிறந்தநாள். நாற்பது ஐம்பது பேர். யாரோ உன் காணியைப் பற்றி விசாரிக்க, நான் பக்கத்தில் இருந்து, முதலில் அந்தப் பியூகலை நிமிர்த்தச் சொல்லுங்கோ என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். நீ கையில் தட்டோடு எழும்பி நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாய். "இவர் களஞ்சியத்துக்குள்ள சீமெந்துத் தரையில பெட்டி தூக்கிறவர். எனக்கு மலையில ட்ராக்டர் ஓடப் பழக்க வந்திட்டார்."

மண்டபமே சிரித்தது. என்னிடம் பழகின பெடியள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள்.

அதற்காகக் கோவிக்கலாமோ? ஐம்பத்தெட்டு வயதுக்காரன் கோவித்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. வசந்தி கேட்க, முதுகு நோகுது என்று பொய் சொன்னேன். ஆணி இரண்டும் காரின் பின்பெட்டியில் கிடந்தன. திங்கட்கிழமை நீ இரண்டு தரம் எடுத்தாய், நான் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு செய்தி அனுப்பினாய். "மச்சான், ஆணி வந்ததோ?" அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. வாசித்துவிட்டு வைத்தேன். இன்னொரு தரம் கேட்கட்டும், அப்போது பார்க்கலாம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை நீ செத்துப் போனாய்.

அன்றைக்கு நடந்ததை ஹெர்மன் எனக்கு மூன்று தரம் சொல்லியிருக்கிறார். மூன்று தரமும் ஒரே மாதிரித்தான் சொன்னார், ஒரு சொல் கூடக் குறையவில்லை. பூசணிப் பாத்திக்குத் தண்ணீர் வேண்டும் என்று, முன்பக்கத் தூக்குக் கைகளில் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தாங்கியை வைத்து அவருடைய குழாயடிக்கு வந்தாய். நிரப்பிக்கொண்டு நிற்கையில் பாதியில் நிறுத்தினாய். ஏன் என்று கேட்டாராம். பாதி போதும், பாதுகாப்பு முக்கியம் என்று சிரித்தாயாம். நடேசனுக்குப் பயந்துதான் பாதி என்றாயாம்.

மச்சான், நான் சொன்ன அத்தனையிலும் பாரத்தைக் குறை என்ற ஒன்றை மட்டும் நீ காதில் வாங்கியிருக்கிறாய். பாதித் தண்ணீர் முழுத் தண்ணீரை விட மோசம். நிரம்பின தாங்கிக்குள் தண்ணீர் அசையாது. பாதி என்றால் ட்ராக்டர் சாய்கிற பக்கத்துக்கே ஓடிப்போய், தானும் சேர்ந்து தள்ளும். எல்லாவற்றையும் ஓயாமல் சொன்னவன், அதை மட்டும் உனக்குச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

வேலிக் கட்டையில் முட்டாமல் இருக்கத் தாங்கியை உயரத் தூக்கினாய். வேலியைக் கடந்த பிறகு இறக்கவில்லை. மேல் பாதையால் சுற்றிப் போனால் பத்து நிமிசம் கூட. நீ சரிவில் குறுக்கால் விட்டாய். கீழ்ப்பக்கத்துப் பின் சில்லு ஒரு பள்ளத்தில் இறங்கியதாம். ஹெர்மன் கையைத் தூக்கிக் கத்துவதற்கு முதலே ட்ராக்டர் கவிழ்ந்து எல்லாம் முடிந்துவிட்டது. பாய்ந்து தப்பலாம் என்று சனம் கதைக்கிறது. நான் பழக்குகிற பெடியளுக்கு முதல் நாளே சொல்கிறேன், பாய நேரம் கிடையாது, பாய்ந்தால் வண்டி விழுகிற இடத்தில்தான் நீயும் விழுவாய் என்று. பியூகல் நிமிர்ந்து, பெல்ட் கட்டியிருந்தால் நீ கையில் ஒரு முறிவோடு ஆசுப்பத்திரியில் கிடந்து, சாப்பாடு சரியில்லை என்று தாதிமாரோடு சண்டை பிடித்திருப்பாய்.

இதில் விதி எங்கே இருக்கிறது, காட்டச் சொல்லு பார்ப்போம்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் என் தோளில் தட்டினார்கள். நீங்கள் எவ்வளவு சொன்னனீங்கள் அண்ணை, அவர் கேட்டால்தானே என்றார்கள். ஓம், ஓம் என்று தலையாட்டினேன். சொன்னவன் என்ற பேர் எனக்கு, கேட்காதவன் என்ற பேர் உனக்கு. அதை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பத்து நாளால் காப்புறுதியில் இருந்து ஒரு பெண் அலுவலர் காணிக்கு வந்தார். சரிவை அளந்தார், ட்ராக்டரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். மரியாதையான மனிசி. ராணிக்கு ஜெர்மன் பேச வராது என்று நான் பக்கத்தில் நின்றேன். பியூகல் மடங்கிக் கிடந்தது, பூட்டுகிற ஆணிகளைக் காணவில்லையே, அதைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமோ என்று கேட்டார். நான் அதை ராணிக்குத் தமிழில் சொன்னேன். அவள் எனக்கென்ன தெரியும் என்று கையை விரித்தாள். அலுவலர் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது என்றேன்.

என் கார் இருபது அடி தள்ளி நின்றது. ஆணி இரண்டும் அதற்குள்தான் இருந்தன. கடை ஒட்டின தாள்கூட உரிக்கவில்லை.

அதன் பிறகு ஒன்பது மாதம் நான் யாருக்கும் சொல்லவில்லை. வசந்திக்கும் சொல்லவில்லை. நீ என் மேல் கோபமாக இருக்கிறாயோ என்று யோசிப்பேன். பிறகு எனக்கு உன்மேல் கோபம் வரும். ஒரு ஆணி இல்லையென்றால் ஒரு கம்பியை வைத்துக் கட்டியிருக்கக் கூடாதா? ஹெர்மனின் கொட்டில் முழுக்க இரும்புதானே? என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? களஞ்சியத்தில் பெடியள் பெல்ட் போடாமல் ஏறினால் கத்தத் தொடங்கினேன். இரண்டு பேர் மேலிடத்தில் போய் முறையிட்டார்கள். கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையோ என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

பங்குனியில் ராணி போன் எடுத்தாள். பிராங்பேர்ட்டில் இருக்கிற உன் மகள் காணியை விட்டுவிடச் சொல்கிறாளாம், தான் விடுவதாக இல்லையாம், இந்த வருசமும் கூடாரத்தில் போடப் போகிறாளாம். கவிழ்ந்த ட்ராக்டரை ஹெர்மன் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு, அதே அளவில் வேறொன்று கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறாராம்.

"எனக்கு ஓடப் பழக்கிவிடுங்கோ அண்ணை. நீங்கள்தானே பழக்கிறனீங்கள்" என்றாள்.

என்ன சொல்ல? மறைத்துக்கொண்டு அவளை அந்த இருக்கையில் ஏற்ற என்னால் ஏலாது. அடுத்த ஞாயிறு போனேன். கூடாரத்துக்குள் நாற்றுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பிறந்தநாள், ஞாயிறு, இரண்டு அழைப்பு, அந்தச் செய்தி, காருக்குள் கிடந்த ஆணி, அலுவலரிடம் சொன்ன பொய்.

அவள் கையுறையைக் கழற்றித் தட்டின் மேல் வைத்துவிட்டு வெளியே போனாள். நான் உள்ளேயே நின்றேன். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"மூண்டு நாளும் போனைப் பக்கத்திலயே வச்சுக்கொண்டு திரிஞ்சவர்" என்றாள். "மச்சான் கோவத்தில இருக்கிறான், நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு செவ்வாய்க்கிழமை இரவு சொன்னவர். வியாழக்கிழமை வாறதாத்தான் இருந்தவர்."

பிறகு கேட்டாள். "அந்த ஆணி இருந்திருந்தால் அவர் நிமிர்த்தியிருப்பாரோ அண்ணை?"

"தெரியாது ராணி."

"எனக்கும் தெரியாது." கையுறையைத் திரும்பப் போட்டாள். "இனி ஆருக்கும் தெரிய வராது. ரெண்டு பேரும் அப்பிடியே இருக்கப் பழகுவம். அந்த மனிசிக்கு மட்டும் உண்மையை எழுதிப் போடுங்கோ."

எழுதினேன். ஜெர்மனில் ஒரு பக்கம், நாலு தரம் திருத்தி எழுதினேன். அந்த அலுவலர் பதில் போட்டார். நான் எழுதியது கோப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது, முடிவில் மாற்றம் இல்லை, எழுதியதற்கு நன்றி என்று மூன்று வரி. கடைசியில் கையால், உங்களுக்கு இது இலேசாக இருந்திருக்காது என்று எழுதியிருந்தார். வசந்திக்கும் அன்றைக்குத்தான் வாசித்துக் காட்டினேன். அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. உன் தங்கச்சி அல்லவா.

இனிச் சொல்லப் போவதைக் கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். நான் அடித்துக்கொண்டேன்.

பழக்கத் தொடங்கின முதல் நாள், பியூகலைப் பற்றி ராணிக்கு வழக்கமான பாடத்தை எடுத்தேன். உள்ளே போகும்போது மடக்க வேண்டும், மடக்கினால், அடியில் அகப்படாமல் இருக்கப் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், வெளியே வந்ததும் நிமிர்த்தி ஆணி போட்டுப் பெல்ட் கட்ட வேண்டும். அவள் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, உள்ளே போக ஏன் மடக்க வேண்டும் என்றாள். வாசல் பதிவு என்றேன்.

"அப்ப வாசலை உயர்த்துங்கோவன்" என்றாள்.

தவம், நீ அந்தக் காணியை எடுத்து ஐந்து வருசம். ஐந்து வருசமாக நிமிர்த்து, நிமிர்த்த மாட்டேன் என்று நீயும் நானும் நாயும் பூனையும் மாதிரிக் கடிபட்டோம். உன் வாயும் என் முக்கோணமும். அந்த வாசலை அண்ணாந்து பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கூடாரத்தின் முன் வளையத்தைக் கழற்றி, அதன் கால்களை நீட்டி, பொலித்தீனை வெட்டி ஒட்டினோம். ஹெர்மன், நான், என்னிடம் பழகின இரண்டு பெடியள். காலை தொடங்கி மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்தது. ஒரு சனிக்கிழமை வேலை, மச்சான். நிமிர்ந்த பியூகலோடு ட்ராக்டர் உள்ளே போய் வருகிறது.

பூசணிப் பாத்தியைப் பற்றியும் கேள். அங்கே இப்போது ட்ராக்டரே போவதில்லை. ஹெர்மனின் குழாயில் இருந்து கறுத்த பைப் ஒன்றைச் சரிவில் இழுத்துவிட்டோம். தண்ணீர் தன் பாட்டில் இறங்கிப் போகிறது. சரிவில் புல்லு வெட்டவும் ராணி விடவில்லை, ஹெர்மனின் செம்மறிகள் மேய்கின்றன. அவையள் கவிழமாட்டினம் என்கிறாள்.

ராணி நல்லாக ஓடுகிறாள். உன்னைப் போல இல்லை, கேள்வி கேட்டே என் உயிரை எடுக்கிறாள். மேட்டில் ஏறும்போது ஏன் பின்னோக்கி ஏற வேண்டும், திரும்பும்போது ஏன் மெதுவாக, பின்னால் இழுக்கிற பாரத்தை ஏன் உயரத்தில் கொழுவக் கூடாது. எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும். தெரியாததை அடுத்த கிழமை படித்துக்கொண்டு போய்ச் சொல்கிறேன். உனக்கு நான் ஒருநாளும் காரணம் படித்துக்கொண்டு வந்து சொன்னதில்லை. சத்தம்தான் போட்டேன்.

போன சனிக்கிழமை, ட்ராக்டரைக் கொட்டில் வாசலில் இருந்து பத்து அடி தள்ளி நிறுத்த வேண்டியிருந்தது. பத்து அடிதானே என்று பெல்ட் கட்டாமல் ஏறினேன். ராணி ஹெர்மனுக்கு முன்னால், என்னிடம் பழகின பெடியளுக்கு முன்னால், இறங்குங்கோ என்றாள். நான் விளங்காதவன் போலப் பார்த்தேன். திரும்பவும் இறங்குங்கோ என்றாள். இறங்கினேன். ட்ராக்டரின் திறப்பை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கட்டிக்கொண்டு ஓடுறதெண்டால் தாறன், இல்லையெண்டால் விட்டிட்டுப் போங்கோ அண்ணை என்றாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து வசந்தியிடம் கொட்டித் தீர்த்தேன். பழக்கினவனுக்கே பாடம் எடுக்கிறாள், இனி அந்தக் காணிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்றேன். அடுத்த நாள் காலை தேத்தண்ணியோடு சன்னலடியில் இருந்தேன். பத்து மணிக்கு வெண்டிக்கு மண் அணைக்க வருவதாகச் சொல்லியிருந்தேன். வசந்தி மேசையைத் துடைத்தாள், போனாள், வந்தாள். ஒன்பது மணி ஆனது. எனக்கு இன்னும் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன். வழி முழுக்க, என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே காரை ஓடினேன். போய் இறங்கினால் ராணி திறப்பை நீட்டினாள். ஏறினேன், பெல்ட்டைக் கட்டினேன். மண் அணைத்து முடிய மத்தியானம் ஆயிற்று. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சோறு தந்தாள், கத்தரிக்காய்க் குழம்பு. உப்புக் காணாது என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

ஆகவே உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மச்சான். இனிக் கோவிக்கமாட்டேன் என்று சொல்ல மாட்டேன், அது பொய், என்னால் ஏலாது. உன்மேல் இருக்கிற கோபமே இன்னும் முடியவில்லை, வியாழக்கிழமை உன் படத்துக்கு முன்னால் இலை போடும்போதும் மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டுதான் நிற்பேன். ஆனால் வருகிறேன் என்று சொன்ன இடத்துக்கு, சொன்ன நாளில், கோபத்தோடேயே போவேன். போய்ச் செய்ய வேண்டியதைச் செய்துபோட்டு, பிறகு ஆறுதலாகக் கோவித்துக்கொள்வேன்.

உன் தங்கச்சி புருசன்,
உன்னோடு இன்னும் சண்டை முடியாத மச்சான்,
நடேசன்